பரிசல்காரன் சொன்ன பொய்

மேட்ச் ஆகலையாம் அம்மணி. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. சிஸ்டர் இரண்டு ஊசியையும் இடது கையில் ஏற்றி டேப் ஒட்டி முடித்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்போது மகள் பைக்குள் கையை விட்டுப் பேனா தேடிக்கொண்டிருந்தாள். பேனா தேடுகிறவளிடம் எப்படிச் சொல்வது, மிஷின் ஓட ஆரம்பிக்கட்டும் என்று விட்டேன். மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. என் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகச் சில்லென்று உள்ளே வருகிறது. அந்தக் குளிர் முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறுவது தெரிகிறது. இத்தனை மாதமாகியும் அது மட்டும் பழகவே இல்லை, யாரோ தெரியாதவன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது. ரூபிகா ஸ்டூலைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துவிட்டாள். காலேஜில் முதல் செமஸ்டர், நாளைக்குத் தமிழ்ப் பரீட்சை, நாவல் ஒன்று பாடமாக வைத்திருக்கிறார்கள். "நான் சத்தமாப் படிக்கிறேன்ப்பா, உங்களுக்கும் பொழுது போகும், எனக்கும் மண்டைல ஏறும்" என்றாள். ஏறட்டும். நெற்றியில் விழும் முடியை ஊதித் தள்ளிவிட்டுப் படிக்கிறாள், அது அவள் அம்மாவுடைய பழக்கம். வசந்தாமணி அடுப்படியில் இரண்டு கையும் மாவாக இருக்கும்போது இப்படித்தான் ஊதுவாள். எல்லாம் எங்கிருந்தோ எடுத்து எங்கேயோ வைத்த மாதிரிதான். மூக்கு என்னுடையது, ரத்த குரூப்பும் என்னுடையது. அதுதான் வினையாகப் போயிற்று. காலேஜ் ஐடி கார்டில் குரூப் போட்டிருக்கிறதைப் பார்த்துவிட்டு வந்துதான் முதல் முதலாக, தன் கிட்னியில் ஒன்றைத் தருகிறேன் என்று பேச்சை எடுத்தாள்.

நேற்றுச் சாயங்காலம் டாக்டரம்மா போன் பண்ணும்போது நான் மொட்டைமாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "உங்க பொண்ணோட ரிசல்ட் வந்துருச்சுங்க சென்னியப்பன். நல்லாவே மேட்ச் ஆகுது" என்றார். எனக்குக் கையிலிருந்த சுடிதாரை என்ன செய்வது என்று தெரியவில்லை, அது அவளுடையது, மஞ்சள், மடித்தேன், மறுபடி பிரித்தேன், மறுபடி மடித்தேன். அவளிடம் ஆகவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். "பொய் எல்லாம் நான் சொல்ல மாட்டேங்க. உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, அது உங்க உரிமை. எனக்கும் பதினெட்டு வயசுப் பொண்ணுகிட்ட எடுக்கறதுக்கு மனசு ஒப்பலை. ஆனா அவகிட்டப் பேசிருங்க." பேசிருங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். இருதயம் களைத்துப்போய்விட்டது, மிஷினை நம்பி நெடுநாள் ஓட்ட முடியாது என்று போன மாதம் சொன்னதும் அவர்தான், அதையும் இதே குரலில்தான் சொன்னார். ஓட்ட முடியாது என்ற சொல் எனக்கு வண்டிச் சொல்லாகத்தான் கேட்டது. கோபி, சத்தி ரூட்டில் பஸ் ஓட்டினவன் நான், ஓட்ட முடியாத வண்டியை எத்தனையோ நாள் ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டிருக்கிறேன். பிரேக் இறங்கிப்போன வண்டியை கியரிலேயே பிடித்துப் பிடித்து, பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாமல், அவர்கள் பாட்டுக்கு முறுக்குத் தின்றுகொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு. டிரைவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்ப்பார்கள். அது ஒரு சௌகரியம். இங்கே மல்லாக்கப் படுத்துக்கிடக்கிறேன், முகத்துக்கு நேரே இவள்.

"தவசியின் பாத்திரப் படைப்பை விளக்குக. பதினைந்து மார்க்" என்கிறாள். தவசியை எனக்குத் தெரியும் அம்மணி. நானும் ஒரு வருஷம் காலேஜுக்குப் போனவன்தான், அப்போதும் இதே நாவல்தான் பாடம், அட்டை மட்டும் வேறு. பவானிக் கரையில் பரிசல் போடுகிற நஞ்சப்பனின் மகன் தவசி. கெட்டிக்காரப் பையன். பட்டணத்தில் ஹாஸ்டலோடு படிக்க இடம் கிடைக்கிறது. அப்பனுக்கு நெஞ்சில் வியாதி, இருமினால் ரத்தம் வருகிறது. பையனுக்குத் தெரிந்தால் போகமாட்டான் என்று, வெறும் சளி என்று பொய் சொல்லி, அக்கரையில் கொண்டுபோய் இறக்கி அனுப்பிவைக்கிறான். தாய் குருவம்மாளுக்குத் தெரியும், அவளும் வாயைத் திறக்கவில்லை. பையன் திரும்பி வரும்போது அப்பன் இல்லை, பரிசலில் வேறு ஆள் நிற்கிறான். எனக்கு அன்றைக்கு அழுகை அழுகையாக வந்தது. பரீட்சையில் 'நஞ்சப்பன் தியாகத்தின் திருவுருவம்' என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக எழுதினேன், வகுப்பிலேயே எனக்குத்தான் மார்க் அதிகம், புரொபசர் எழுந்து நிற்கச் சொல்லிப் படிக்கவைத்தார். அடுத்த வருஷம் என் அப்பா நெல்லுக்கட்டோடு களத்தில் விழுந்தார், படிப்பு போயிற்று, ஸ்டியரிங் வந்தது. அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை, நிஜமும் சொல்லவில்லை, எதையும் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். கடைசியாக என்ன பேசினார் என்று யோசித்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்பதுதான் வருகிறது. காட்டினேனா? அதுகூட ஞாபகம் இல்லை.

தண்ணி. தண்ணி என்று நினைத்திருக்கக் கூடாது. நினைத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அதற்குள்தான் காப்பி, ரசம், மாத்திரை எல்லாம். கனவில்கூட வாய்க்கால்தான் வருகிறது, குனிந்தால் விலகிப்போகிறது. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெரியவர் ரகசியமாக ஐஸ் கட்டி வாயில் அடக்கிக்கொள்வார், எனக்கும் கண்ணைக் காட்டுவார். அந்தக் கட்டிலில் இப்போது ஒரு இளவட்டம் படுத்திருக்கிறான், காதில் ஹெட்போன். பெரியவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே அதைக் கேட்கிற பழக்கம் இல்லை. கேட்காமல் இருந்தால் எங்கேயோ டூர் போயிருக்கிற மாதிரி இருக்கும். "அப்பா, தூங்கிட்டீங்களா?" இல்லை, சொல்லு. "இல்லப்பா, நோட்ஸ்ல நஞ்சப்பனைத் தியாகத்தின் உருவம்னு போட்டிருக்கான். எனக்கு அப்படித் தோணலை." ஏன் தோணலை? "அவர் பண்ணது தியாகமாப்பா? அவருக்கு எது சுலபமோ அதைப் பண்ணிட்டாரு. மகன் அழறதைப் பார்க்க முடியலை, அதனால அனுப்பிட்டாரு." நான் கையை அசைத்துவிட்டேன் போல, மிஷின் கீகீ என்று கத்துகிறது. பிளெஸி சிஸ்டர் ஓடிவந்து குழாயை நேராக்கி, "அண்ணா, கையை மடக்காதீங்கண்ணா" என்று கத்தலை நிறுத்திவிட்டுப் போகிறாள். ரூபிகா என் கையைப் பார்க்கிறாள். எனக்கு எது சுலபமோ அது. இப்போது சொல்லிவிடலாம், இந்த நிமிஷமே. இந்தப் பேச்சுக்குப் பிறகு எப்படிச் சொல்வது.

சுலபமா இது? ராத்திரியெல்லாம் அந்த இடத்தையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். விலாவுக்குக் கீழே, முதுகுப்பக்கமாகக் கோடு போட்டு அறுப்பார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் மனைவி காட்டினாள், தன் தம்பிக்குக் கிட்னி கொடுத்தவள், தழும்பைப் புடவைக்கு மேலேயே விரலால் வரைந்து காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறாள் அந்தம்மா, பால் கறக்கிறாள், வண்டி ஓட்டுகிறாள். இருக்கட்டும். இவளைக் குளிப்பாட்டிய கை இது. குழந்தையில் அந்த விலாவில் விரல் வைத்தால் கெக்கெக்கே என்று சிரித்து மூச்சு வாங்குவாள். அந்த இடத்தில் கத்தியா. வசந்தாமணிக்குச் சுகர் இல்லாமல் இருந்திருந்தால் அவளே கொடுத்திருப்பாள். முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆனால் மகள் கொடுக்கிறேன் என்றபோது அவள் முகம் போன போக்கு இருக்கிறதே. இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்த மாதிரி. "ஒரு கிட்னி இல்லாத புள்ளையை எவன் கட்டுவான்னு ஊர் கேக்கும். கேக்கட்டும். ஆனா எனக்கே கேக்குதுங்களே" என்றாள். அதற்கு மேல் அவளிடமும் பேச முடியவில்லை. ஊர் போகட்டும், கல்யாணம் போகட்டும். இவளுக்குப் பயம். அதுதான் எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. போன வாரம் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கும்போது சிரித்துக்கொண்டுதான் கையை நீட்டினாள், கால் விரல்கள் மட்டும் செருப்புக்குள் இறுகிப்போய் வெள்ளை வெள்ளையாக இருந்தன. பஸ் ஓட்டுகிறவன் கண்ணாடியில் பின்னால் இருக்கிற கூட்டத்தையே பார்த்துப் பழகியவன், யார் பிடித்துக்கொள்ளாமல் நிற்கிறார்கள், யார் விழப்போகிறார்கள் என்று தெரியும். இவள் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறாள். பிடித்திருக்கிறேன் என்று காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பக்கங்களைச் சேர்த்துத் திருப்புகிறாள். "பதினெட்டாவது அத்தியாயம் நான் ஏற்கெனவே படிச்சிட்டேன்ப்பா, அதை விட்டுர்றேன்." விட்டுவிடு. அதில்தான் நஞ்சப்பன் சாகிறான். வெள்ளம் வடிந்த ஆறு, கவிழ்த்துப்போட்ட பரிசல், அதன் நிழலில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறான், குருவம்மாள் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுகிறாள், பையனுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்கிறாள், வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறான். எனக்குத் தெரியாது என்று நினைத்து ரூபிகா அதைத் தாண்டிப்போகிறாள். நானும் தெரியாதவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொள்கிறேன். பார், ஆளுக்கொரு பொய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவளுடையது சின்னது, என்னுடையது பெரியது. ஆனால் அவள் குரல் மாறிவிட்டது. பத்தொன்பதை வாசிக்கிறாள், தவசி ஊருக்கு வந்துவிட்டான், ஆற்றங்கரையில் புது ஆளைப் பார்க்கிறான், எங்க அப்பா எங்கே என்று கேட்கவில்லை, பரிசலில் ஏறி உட்கார்ந்து அக்கரை போகிறான். நடு ஆற்றில்தான் அந்த ஆள் கேட்கிறான், நீ நஞ்சப்பன் மகனா என்று. ரூபிகா நிறுத்திவிட்டாள். "இந்த இடத்துல தவசிக்கு யார் மேல கோபம் வரும்ப்பா?" யார் மேல? "ஊர்க்காரங்க மேலன்னு போட்டிருக்கான். இல்லப்பா. அப்பா மேலதான். கடைசி நாலு மாசம் அது அவனுக்கும் சேர வேண்டியதுதானே? பக்கத்துல உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருப்பான். அதைக்கூட விடாம எல்லாத்தையும் அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" கேட்டால் அவன் போயிருக்க மாட்டானே அம்மணி, அந்த இடம் வேறு யாருக்காவது போயிருக்கும், அவனும் பரிசல்தான் போட்டிருப்பான் என்றேன். "போட்டிருப்பான். என்ன இப்போ? அவன் முடிவுதானே" என்கிறாள். எத்தனை வயது இவளுக்கு? பதினெட்டு முடிந்து ஒரு மாதம். நான் இந்த வயதில் திருவுருவம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கெண்டைக்கால் இழுக்கிறது. முடியப்போகிற நேரத்தில் எப்போதும் வரும், உள்ளுக்குள் யாரோ கயிற்றை முறுக்குகிற மாதிரி. முகத்தில் காட்டக் கூடாது. ஆனால் இவள் புத்தகத்தை வைத்துவிட்டுக் காலைப் பிடித்து நீவிவிடுகிறாள், எந்த நரம்பு என்று சொல்லாமலே தெரிகிறது. "இன்னும் கொஞ்ச நாள்தான்ப்பா இதெல்லாம். ரிசல்ட் வந்துரும். ஆபரேஷனை செமஸ்டர் லீவுலயே பண்ணிக்கலாம்னு என் ஃப்ரெண்டு பிரியா கேட்டதுக்குக்கூடச் சொல்லிட்டேன்." லீவில் ஊட்டிக்குப் போகிற மாதிரிச் சொல்கிறாள். இனி தாங்காது. கால் வலி கண்ணில் நீரைக் கொண்டுவந்துவிட்டது, அந்த மறைவிலேயே சொல்லிவிட்டேன். "மேட்ச் ஆகலையாம் அம்மணி. நேத்து டாக்டரம்மா போன் பண்ணுச்சு." சொல்லியாயிற்று. ஒன்றும் இடியவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. அவள் கை என் காலில் அப்படியே நின்றது. பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பார்த்தேன். அவள் முகம் தளர்ந்தது. நெற்றி, கன்னம், வாயின் இரண்டு ஓரம், இத்தனை நாள் இழுத்துக் கட்டியிருந்த எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்து, ஒரு மூச்சு, நீளமாக, வெளியே வந்தது. சின்னக் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. அப்பாடா என்று எனக்கும் இருந்தது. இதற்குத்தானே, இந்த முகத்துக்குத்தானே. அடுத்த நொடி அந்த மூச்சு அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அப்படியா" என்றாள். "சரிப்பா." புத்தகத்தை எடுத்தாள், தலைகீழாகப் பிடித்திருக்கிறாள் என்பதுகூடத் தெரியவில்லை. படிப்பாள் என்று பார்த்தேன். படிக்கவில்லை. தோள் குலுங்குகிறது, சத்தமே இல்லை. அம்மணி, அழாதே, விடு என்றேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அதுக்கு அழலைப்பா. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நீங்க ஆகலைன்னு சொன்னதும், அப்பாடான்னு... நான் என்ன புள்ளைப்பா?" நான் இதை நினைக்கவில்லை. எல்லாவற்றையும் நினைத்தேன், கத்தியை, தழும்பை, ஊரை, கல்யாணத்தை. இதை நினைக்கவில்லை. நான் போன பிறகு இவள் எங்கேயோ ஒரு வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டு, முடியை ஊதித் தள்ளிக்கொண்டு, இந்த ஒரு மூச்சை நினைத்துக்கொண்டிருப்பாள். அப்பா செத்துப்போவார் என்று கேட்டதும் சந்தோஷப்பட்டவள் நான் என்று. யாரிடமும் சொல்ல மாட்டாள், அவளும் என் மகள்தானே. நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் சுமப்பாள். அந்தச் சுமையை நான்தான் இப்போது அவள் தலையில் தூக்கி வைத்தேன், அதுவும் சொந்தக் கையால், அதுவும் பாசத்தோடு. நஞ்சப்பா, நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய், அந்தப் பையன் ஆற்று நடுவில் உட்கார்ந்திருக்கிறான் இன்னும்.

"ரூபிகா." பேர் சொல்லி நான் கூப்பிடுவதே இல்லை, நிமிர்ந்துவிட்டாள். "ஆகுது. நல்லாவே மேட்ச் ஆகுதுன்னுதான் அந்தம்மா சொன்னாங்க. நான்தான் பொய் சொன்னேன்." அவளுக்குப் புரிய நேரமாயிற்று. மறுபடி அந்த இறுக்கம் முகத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. "ஆனா நான் வாங்கிக்க மாட்டேன். நீ பயந்ததனால இல்லை. நீ பயப்படாம இருந்திருந்தாலும் வாங்கிக்க மாட்டேன். எனக்கு மனசு வரலை. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமச் செய்யறதுக்குத்தான் இருந்தேன். அது தப்பு. சொல்லிட்டுச் செய்யறேன்." கட்டில் கம்பியில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஜன்னலோரக் கட்டில் இளவட்டம் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறான். "எதுக்குப்பா பொய் சொன்னீங்க? நான் என்ன சின்னப் புள்ளையா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல? இப்ப நான் பயந்ததையும் பார்த்துட்டீங்க." பார்த்தேன். "தர்றேன்னு நான் சொன்னது நெசம்ப்பா." தெரியும் அம்மணி. "பயந்ததும் நெசம்." அதுவும் தெரியும். எனக்கும் பயம்தான் என்றேன். இத்தனை நாளில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வசந்தாமணியிடம்கூட. சொன்னதும் வாய் கோணிற்று, ஐம்பது வயது ஆம்பிளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் முன்னால் வாயைக் கோணிக்கொண்டு அழுகிறேன், முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அவளே துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். கோபமாகத்தான் துடைத்தாள், மூக்கு வலித்தது.

மிஷின் ஓட்டம் நின்றுவிட்டது. பிளெஸி சிஸ்டர் வந்து ஊசியைக் கழற்றுகிறாள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கிறாள். அந்தப் பக்கம் வேறொரு மிஷின் கத்துகிறது. "பாப்பா, இந்தப் பஞ்சைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கோ, ரத்தம் நிக்கறவரைக்கும்" என்று ரூபிகாவின் கட்டைவிரலைப் பிடித்து இடத்தில் வைத்துவிட்டு ஓடுகிறாள். ரூபிகா அழுத்துகிறாள். முதலில் பட்டும் படாமல், பிறகு சரியான அழுத்தத்தில். தோலுக்குக் கீழே ரத்தம் ஓடுகிற அதிர்வு அவள் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கண் அகலமாயிற்று. என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்காமல் இருக்க மாட்டாளா என்று இருந்தது, கேட்டுவிட வேண்டும் என்றும் இருந்தது. "அப்பா, இப்படியே போனா எவ்வளவு நாளுப்பா?" தெரியாது என்றேன். அவள் என் கண்ணையே பார்த்தாள், நம்பலாமா என்று அளக்கிற பார்வை, இனிமேல் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் பார்ப்பாள். "நெசமாவே தெரியாது சாமி. மூணு வருஷம்னாலும் இருக்கும், சீக்கிரமாவும் இருக்கும். இருதயம் சரியில்லைன்னு சொன்னாங்க, அதையும் நான் உன்கிட்டச் சொல்லலை." தலையை ஆட்டினாள். கண்ணீர் பஞ்சு மேலேயே விழுந்தது, அவளும் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. சிஸ்டர் வந்து, "போதும் பாப்பா, நின்னிருச்சு, எடுத்துரலாம்" என்றாள். அவள் எடுக்கவில்லை.